கொங்கிறீட் பாதை பழுதானால்: எந்தப் பழுதுக்கு எதைக் கேட்பது

கேற்றிலிருந்து போர்ட்டிக்கோ வரைக்கும் கொங்கிறீட் போட்டுச் சில வாரங்களில் வெடிப்போ பொடியோ தெரிய வந்தால், திருகோணமலையில் கொந்தராத்துக்காரர்களிடமிருந்து வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பயப்பிடாதீங்கோ, மேலால ஒரு பூச்சுப் பூசி விடுறன்." வீட்டுக்காரரும் சரி என்று மீதிக் காசைக் கொடுத்துவிடுகிறார். அடுத்த மாரி முடிவதற்குள் அந்தப் பூச்சு தகடு தகடாகக் கழன்று வருகிறது. அதற்குப் பிறகு யாரைப் பிடிப்பது?

மேற்பூச்சு அநேகமாக எந்தப் பழுதையும் திருத்தாது. ஒவ்வொரு பழுதுக்கும் காரணம் வேறு, திருத்தும் முறை வேறு, பொறுப்பாளி வேறு. சில வெடிப்புகளுக்குக் கொந்தராத்துக்காரரைக் குறை சொல்லவே முடியாது. சிலவற்றை உடைத்துத் திரும்பப் போடுவதைத் தவிர வழியில்லை. ஆகவே வாய்ச்சண்டைக்குப் போகுமுன் உங்கள் பாதையில் இருப்பது எந்தப் பழுது என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால்தான் சரியானதைக் கேட்கலாம். உங்களுக்குத் தெரிகிற அறிகுறிக்கு நேரே போய் வாசிக்கலாம், ஆனால் முதற்பகுதியை எல்லோரும் செய்ய வேண்டும்.

முதலில், எந்தப் பழுதானாலும்

யாரையும் பூச விடாதீர்கள். பூச்சு விழுந்தால் சான்றும் அதோடு மூடப்பட்டுவிடும். அளவு நாடா, பென்சில், மூன்று அங்குல ஆணி, ஒரு வாளி தண்ணீர், மண்வெட்டி, இவ்வளவும் போதும். காலை வெயில் சரிவாக விழும்போது வெடிப்பும் மேடு பள்ளமும் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவு நாடா தெரியட்டும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் நகர்கிறது, இப்போது அடைப்பது வீண். அகலத்தைப் பார்க்க வங்கி அட்டை உதவும். அதன் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். அட்டை உள்ளே போகிற வெடிப்பு என்றால் சும்மா விடக் கூடாது.

அடுத்தது சீமெந்துக் கணக்கு. இதை அநேகம் பேர் செய்வதில்லை, ஆனால் பேச்சுவார்த்தையில் இதைவிட உறுதியான ஆதாரம் கிடைப்பது அரிது. 40 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குலத் தடிப்பு என்றால் மொத்தம் 133 கன அடி, அதாவது 1.33 கியூப். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சல்லி என்ற கலவையில் அதற்கு 50 கிலோப் பை ஏறத்தாழ 24 வேண்டும். சீமெந்து வாங்கிய பற்றுச்சீட்டில் 15 பைதான் இருக்கிறது என்றால் தடிப்பு குறைந்திருக்கிறது, அல்லது கலவை குறைந்திருக்கிறது. எது என்று அவர்தான் விளக்க வேண்டும். உங்கள் பாதையின் நீள அகலத்தை வைத்து இதே விகிதத்தில் கணக்குப் போடுங்கள்.

போட்ட அன்றைக்கே சின்னச் சின்ன வெடிப்புகள்

ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, ஓரம் வரை போகாமல், ஓரிரு அடி நீளத்தில் வெடிப்புகள் இருந்தால் அவை கொங்கிறீட் இறுகுமுன்பே வந்தவை. வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் இங்கே கச்சான் அடிக்கிறது. அந்தக் காய்ந்த காற்றில் முற்பகல் பத்து மணிக்குக் கொங்கிறீட் கொட்டினால், அடியிலிருந்து ஊறி வருகிற தண்ணீரைவிட வேகமாக மேல்தண்ணீர் காய்ந்துபோகிறது. மேல்தோல் சுருங்கி வெடிக்கிறது.

இது நேரம் பார்க்காமல் வேலை செய்ததால் வந்தது, அதனால் கொந்தராத்துக்காரரின் பொறுப்பு. பின்னேரம் கொட்டியிருக்கலாம், அடி நிலத்தை நனைத்திருக்கலாம், கொட்டிய கையோடு பொலித்தீன் விரித்து மூடியிருக்கலாம். ஆனாலும் இதற்காகப் பாதையை உடைக்கச் சொல்வது நியாயமில்லை. வெடிப்புகளைச் சுத்தம் செய்து, அடி வரை இறங்கக்கூடிய மெல்லிய இபொக்சி ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு அவருடையது.

குறுக்காக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே வெடிப்பு

கொங்கிறீட் காயும்போது சுருங்கத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது, எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் தீர்மானிக்கலாம். அதற்குத்தான் இணைப்புக் கோடு. 4 அங்குலப் பாதைக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, குறைந்தது ஓர் அங்குல ஆழத்தில் இருக்க வேண்டும். வெட்டும் மெசின் கிடைக்காவிட்டால் பலகை அடித்துக் கட்டம் கட்டமாகப் போடலாம், நம் ஊர் மேசன்மாருக்கு அது தெரிந்த வேலைதான்.

40 அடிப் பாதையில் ஒரு கோடுகூட இல்லாமல் ஒரே நீட்டாகப் போட்டிருந்தால் வெடிப்பு வருவது நிச்சயம். பொறுப்பு கொந்தராத்துக்காரருடையது. கோடு போட்டிருந்து, வெடிப்பு அந்தக் கோட்டுக்குள்ளேயே வந்திருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது, சண்டை பிடிக்காதீர்கள். மேன்ஹோல் மூடியின் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற வெடிப்பும் இந்த வகைதான். மூடியைச் சுற்றித் தனிக் கோடு விட்டிருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் வெடிப்பை நேராக வெட்டிக் கோடாக்கி, ரப்பர் மாதிரி இழுபடும் அடைப்பானால் அடைக்கச் சொல்லுங்கள். வெறும் சீமெந்துப் பாலை ஊற்றினால் அடுத்த வெயிலில் அதே இடத்தில் திரும்ப வெடிக்கும்.

வெடிப்பின் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது

இதுதான் பாரமான பழுது. விரலை வெடிப்புக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். படி தட்டினால் அடியில் நிலம் இறங்கியிருக்கிறது. அலவாங்கின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினால் வெறுமையான சத்தம் கேட்கும் இடங்களில் கொங்கிறீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது.

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரை மணல். இறுக்காமல் விட்டால் தண்ணீரோடு அரித்துக்கொண்டு போகும். தம்பலகாமத்து வயற்கரையில் களிமண், மாரியில் ஊதிக் கோடையில் சுருங்கும். இரண்டு இடத்திலும் கிறவலை ஆறு அங்குலத்துக்கு ஒரு படையாகப் பரப்பி, நனைத்து, றோலராலோ திமிசாலோ இறுக்க வேண்டும். அந்த ஒரு நாள் வேலையைத்தான் முதலில் சுருக்குகிறார்கள், ஏனென்றால் முடிந்த பிறகு அது யார் கண்ணிலும் படாது.

தடிப்பையும் இங்கேதான் அளக்க வேண்டும். உப்புவெளியில் என் அக்கா வீட்டில் இடது சில்லு ஓடும் பக்கம் தாழ்ந்தபோது, கொந்தராத்துக்காரர் ஓர மண்ணைத் தோண்டிக் காட்டினார். நாடாவில் சரியாக 4 அங்குலம். "பாருங்கோ அக்கா, சொன்ன மாதிரிப் போட்டிருக்கிறன்" என்றார். ஓரத்தில் அடித்த பலகையே 4 அங்குலம், அங்கே குறைய வழியே இல்லை. உள்ளே அடி நிலம் மேடாக இருந்தால் தடிப்பு எவ்வளவு என்பதை ஓரம் சொல்லாது. அத்தான் தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, 10 மில்லிமீற்றர் கொங்கிறீட் பிட்டால் சில்லுத் தடத்தில் ஒரு துளை போடச் சொன்னார். பிட் சட்டென்று கீழே இறங்கியதும் நிறுத்தி, தூசியை ஊதி எடுத்துவிட்டு, நுனியைக் கொக்கியாக வளைத்த கட்டுக்கம்பியை உள்ளே விட்டார்கள். கொக்கி அடி விளிம்பில் மாட்டியது. மேல்மட்டத்தில் கம்பியை நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து நாடாவில் வைத்தால் இரண்டரை அங்குலம்தான் இருந்தது. இன்னும் இரண்டு இடங்களில் துளைத்தார்கள், அங்கேயும் மூன்றைத் தாண்டவில்லை. கொந்தராத்துக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு தடிப்பைப் பற்றி அவர் வாதாடவில்லை.

துளை போடும்போது அவர் கட்டாயம் இருக்க வேண்டும். வர மறுத்தால் அயலவர் ஒருவரைச் சாட்சியாக வைத்து, துளை போடுவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுங்கள். கார், வான் ஏறும் பாதைக்கு 4 அங்குலம் குறைந்தபட்சம். தண்ணீர் பவுசரோ டிப்பரோ வந்து போகும் வளவென்றால் 6 அங்குலம் வேண்டும். அதே நேரம், 4 அங்குலத்துக்குப் பேசிவிட்டு அதன்மேல் நீங்கள் டிப்பரை ஏற்றியிருந்தால் அந்த வெடிப்பை அவர் தலையில் போட முடியாது.

கேட்க வேண்டியது: தாழ்ந்த கட்டத்தை ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை நேராக வெட்டி முழுவதும் அகற்ற வேண்டும். கிறவலை இறுக்கி, பொலித்தீன் விரித்து, பேசிய தடிப்பில் திரும்பப் போட வேண்டும். உடைந்த துண்டை மட்டும் எடுத்து ஒட்டுப் போட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மேலே பொடி கழன்று வருகிறது

கூட்டக் கூட்டச் சாம்பல் நிறத் தூள் வரும், கார் சில்லில் ஒட்டும், வெறுங்காலோடு நடந்தால் பாதம் வெளுக்கும். காரணம் பெரும்பாலும் தண்ணீர். ஒரு பை சீமெந்துக்கு ஏறத்தாழ 25 லீற்றர் போதும், ஈர மணல் என்றால் அதிலும் குறைவு. பரப்பச் சுகமாக இருக்க வேண்டும் என்று வாளி வாளியாக ஊற்றினால் அந்த மிகைத் தண்ணீர் மேலே ஊறி வரும். அதைக் காயவிடாமல், வெறும் சீமெந்தைத் தூவிக் கரண்டியால் மினுக்கி விடுவார்கள். பார்க்கக் கண்ணாடி போலிருக்கும், உள்ளே பலம் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் மூடாமல் போட்டு மழை விழுந்தாலும் இதே பொடிதான், ஆனால் அப்போது மணல் பருக்கைகள் வெளியே தெரியும்.

ஆணியால் பலமாக ஒரு கோடு கீறுங்கள். வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தால் பழுது மேல்தோலோடு நிற்கிறது. மேற்பரப்பை மெசினால் தேய்த்துவிட்டு, சோடியம் சிலிக்கேற் கலந்த இறுக்கும் திரவத்தை அடிக்கச் சொல்லலாம். ஆணி உள்ளே இறங்கி மணல் உதிர்ந்தால் கலவையே பலவீனம், அதற்குத் திரவம் உதவாது. பெரிய பாதை, பெரிய காசு என்றால் கொங்கிறீட்டில் உருளைத் துண்டு வெட்டி எடுத்து நசுக்கிப் பார்க்கும் பரிசோதனையைப் பொறியியலாளர் ஒருவர் மூலம் செய்யலாம். சின்னப் பாதைக்கு அந்தச் செலவு கட்டாது. மேலே சொன்ன பைக் கணக்கும் ஆணிக் கீறலும் போதும்.

தண்ணீர் தேங்குகிறது

வாளியால் ஊற்றி அரை மணித்தியாலம் பாருங்கள். சாய்வு 50 அடிக்கு ஓரடி, அதாவது அடிக்குக் கால் அங்குலம் அளவில் இருக்க வேண்டும், அதுவும் வீட்டிலிருந்து வெளியே. ஓரிரு இடத்தில் மெல்லிய படலம் நிற்பது பெரிய விஷயமில்லை. தண்ணீர் வீட்டுச் சுவரை நோக்கி ஓடினால் விடாதீர்கள், மாரியில் அத்திவாரம் ஊறும். மேலே சாந்து போட்டு மட்டம் எடுப்பதாகச் சொல்வார்கள். அரை அங்குலச் சாந்து கார்ச் சில்லின் கீழ் நிற்காது. சுவரோரமாகக் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள், அநேகமாக முடியும். முடியாவிட்டால்தான் அந்தக் கட்டத்தை உடைத்துப் போடுவது.

கறல் நிறக் கறை

கொங்கிறீட்டுக்குள் போட்ட கம்பி வலை மேலே மிதந்துவிட்டது, அல்லது உப்பு உள்ளே போயிருக்கிறது. கரையோரத்தில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஓரத்தில் உடைந்த ஒரு துண்டைக் கழுவிப் பாருங்கள். சிப்பித் துகள்கள் தெரிந்தால் கழுவாத கடல் மணல் கலந்திருக்கிறது. கடலோரத்துக் கிணறுகளில் உவர் ஏறியிருக்கும், அந்தத் தண்ணீரில் குழைத்தாலும் இதே கதைதான். குடிக்க முடியாத தண்ணீரைக் கம்பி போட்ட கொங்கிறீட்டுக்குப் பாவிக்கக் கூடாது. வலைக்கு மேலே இரண்டு அங்குலமாவது கொங்கிறீட் இருக்க வேண்டும். கறல் கம்பியை ஊதச் செய்து கொங்கிறீட்டைப் பிளக்கும், வருடம் போகப் போகக் கூடும். ஓரிடத்தில் மட்டும் என்றால் வெட்டித் திருத்தலாம். பாதை முழுவதும் கறை என்றால், சிப்பி தெரியும் துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு மாற்றிப் போடக் கேளுங்கள்.

சிலந்திவலை போல மெல்லிய கோடுகள், நிற வித்தியாசம்

நனைத்துக் காயும்போது மட்டும் தெரிகிற மெல்லிய கோடுகள் மேல்தோலோடு நிற்பவை, பலத்தைக் குறைக்காது. ஒரு கட்டம் வெளிறியும் ஒரு கட்டம் கறுத்தும் இருப்பதும் அப்படித்தான். இதற்காகக் காசை நிறுத்தாதீர்கள். நியாயமில்லாத ஒன்றைக் கேட்டால் நியாயமானதும் எடுபடாமல் போகும்.

"நீங்க தண்ணி விடேல்ல, அதான் வெடிச்சது" என்கிறார்

கொங்கிறீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்பது உண்மை. யார் தண்ணீர் விடுவது என்று முன்பே பேசாவிட்டால் இந்த வாதம் கட்டாயம் வரும். அப்போது ஒன்றைக் கேளுங்கள்: தண்ணீர் விடாததால் எந்தப் பழுது வரும்? பொடி வரலாம், மெல்லிய கோடுகள் வரலாம், சுருக்க வெடிப்பு கூடலாம். ஆனால் நாலு அங்குலம் இரண்டரை ஆகாது. நிலம் இறங்காது. சாய்வு மாறாது. இல்லாத இணைப்புக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கே வந்த வெடிப்பு, நீங்கள் தண்ணீர் விட வேண்டிய நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பொடிக்கு மட்டும், நீங்கள் உண்மையிலேயே தண்ணீர் விடவில்லை என்றால், செலவில் ஒரு பங்கை ஏற்பது நேர்மை.

"மீதிக் காசைத் தந்தாத்தான் வருவன்" என்கிறார்

முழுக் காசையும் நிறுத்தி வைப்பதும் பிழை, முழுக் காசையும் கொடுப்பதும் பிழை. திருத்த எவ்வளவு செலவாகும் என்று வேறு ஒரு மேசனிடம் எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தாச்சி சுமந்த பொடியன்களின் நாட்கூலி பாக்கி இருந்தால், தயவுசெய்து அதை முதலில் தீர்த்துவிடுங்கள். தடிப்பைக் குறைக்கச் சொன்னது அவர்கள் இல்லை.

பேசியதை அன்றைக்கே வட்சப்பில் எழுதி அனுப்புங்கள்: "அண்ணன், இண்டைக்கு நீங்களும் நானும் பார்த்த மூண்டு துளையிலும் தடிப்பு 3 அங்குலத்துக்குக் குறைவு. இரண்டாவது கட்டத்தை உடைச்சுப் போடுறதாச் சொன்னீங்கள்." கோபமில்லாத இரண்டு வரி. அவர் அதற்குச் சரி என்று போட்டாலே அது ஒரு சான்று.

போனை எடுப்பதில்லை

பழுது, அளவு, கேட்கும் திருத்தம், காலக்கெடு ஆகியவற்றை ஒரு பக்கக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 14 நாள் கொடுக்கலாம். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை எதுவானாலும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், அதற்குப் பாவிக்கும் பொருளும் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் இந்த உத்தரவாதம் உண்டு. ஆனால் முறைப்பாட்டைச் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "மாரி முடியட்டும், பாப்பம்" என்று கொந்தராத்துக்காரர் இழுத்தடித்தே அந்த மூன்று மாதம் போய்விடுகிறது, கவனம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

அடுத்தது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது, பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது ஒரு பாடசாலையில் கூடும். சட்டத்தரணிகள் அங்கே தோன்ற முடியாது, நீங்களும் அவரும் நேருக்கு நேர் பேச வேண்டும். துளை போட்ட வீடியோ, பைக் கணக்கு, பதிவுத் தபால், இந்த மூன்றும் கையில் இருந்தால் அங்கேயே அநேகமாக முடிந்துவிடும். சட்டம் குறிக்கும் தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றமும் போக முடியாது. வழக்குக்கான கால எல்லை, எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம்.

சபையில் இணங்கினால் "பழுது திருத்தித் தரப்படும்" என்ற ஒற்றை வரியோடு கையெழுத்து வைக்காதீர்கள். எந்தக் கட்டம், எத்தனை அங்குலம், எந்தத் திகதிக்குள், சீமெந்தும் மணலும் யார் செலவு, 7 நாள் தண்ணீர் யார் விடுவது, எல்லாவற்றையும் எழுதுவியுங்கள். பிடித்து வைத்த காசை இரண்டாகப் பிரியுங்கள்: கிறவல் இறுக்கியதைக் கொங்கிறீட் கொட்டுமுன் நீங்கள் பார்த்த பிறகு ஒரு பங்கு, கொட்டி 28 நாள் கழித்துத் துளை போட்டுத் தடிப்பை அளந்த பிறகு மற்றப் பங்கு.